மேகலாவையும் எண்ணிக்கோ

வா கண்ணு, வா. வெடியால போன்ல பேசுனது நீதானே? கொரலைக் கேட்டுப் பெரிய ஆளுன்னு நெனச்சேன், சின்னப் புள்ளையா இருக்கறே. செருப்பை வாசல்ல உட வேண்டா, கதவு மூலைக்குக் கொண்டாந்துரு. நாய் தூக்கீட்டுப் போயிரும்னு இல்லை. பையன் வந்தா ஆரு செருப்புன்னு கேப்பான். பாலு ஊத்தப் போயிருக்கறான். சொசைட்டியில ஊத்திப்போட்டு அப்பிடியே டீக்கடையில உக்காந்து நாயம் பேசீட்டுத்தான் வருவான். மருமவ அவ அம்மா ஊட்டுக்குப் போயிருக்கறா. அவன் வர்றதுக்குள்ள நம்ம சோலியை முடிச்சுக்கலாம்.

உக்காரு. ஃபேனுக்கு நேரா உக்காரு. தண்ணி குடி.

நீ போன்ல "மேகலா இருக்காங்களா"ன்னு கேட்டே. நானும் "இருக்கறா, வா"ன்னு சொன்னேன். பொய் சொல்லி வரவெச்சுட்டாங்கன்னு நெனைக்காதே. அந்தா இருக்கறா பாரு, செவுத்துல, அவங்கய்யன் போட்டோவுக்குப் பக்கத்துல. போன மாரியம்மன் நோம்பியப்ப செத்துப் போயிட்டா.

எந்திரிக்காதே. எதுக்குக் கண்ணு மன்னிப்பெல்லாம்? நீ என்ன பண்ணுனே? இத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கறே, வந்த வேலையைப் பாக்காமப் போவாங்களா? ஆளுங்களை எண்ணத்தானே வந்தே, எண்ணிக்கோ. மேகலாவுக்கு நான் பதில் சொல்றேன்.

அவங்களே நேரா சொல்லோணுமா? அது எப்பிடி? ஜனத்தொகை எடுக்க டீச்சரு வந்தப்ப இந்த ஆசாரத்துல, நீ உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்து எழுதுனாங்க. எங்கூட்டுக்காரரு காட்டுக்குப் போயிருந்தாரு. சதீசும் மேகலாவும் பள்ளிக்கூடத்துல. எல்லாருக்கும் நான்தான் பதில் சொன்னேன். வயசு என்ன, என்ன படிக்கறா, கண்ணு தெரியுமா, காது கேக்குமா, அம்புட்டும் நான்தான். அந்தப் புள்ளையைக் கூப்புடுங்கன்னு டீச்சரு ஒரு வார்த்தை கேக்கலையே. ஊட்டுல ஒருத்தரு சொன்னா எல்லாரும் சொன்ன மாதிரி. கணக்கெடுக்கற மொறையே அதுதானே?

உசுரோட இருக்கறவியளைத்தான் எண்ணுவியா. செரி. அப்ப அவ உன்ற கணக்குல வரவே மாட்டாளா? பாரு கண்ணு, ரேசன் கார்டுல அவ பேரு இல்லை. மாமியா ஊட்டுக் கார்டுலயும் இல்லை. இப்ப உன்ற கணக்குலயும் இல்லைன்னா, அவ எங்கதான் இருந்தா? எதுலயாச்சும் ஒண்ணுல இருக்கோணுமல்ல?

நீ மடியில வெச்சிருக்கற அந்தச் சிலேட்டு மாதிரி டேப்பைத் தொறந்து வெச்சாலும் செரி, மூடி வெச்சாலும் செரி. நான் சொல்றதைச் சொல்லீர்றேன்.

இந்த நெம்பரை உனக்கு ஆரு குடுத்தா? சொல்லக் கூடாதா. வேண்டா, சொல்லாதே. எனக்குத் தெரியும். இது மேகலா போனு. அவ போன பொறவு பையனுக்குத் தெரியாம மாசாமாசம் நான்தான் காசு போட்டு வெக்கறேன். எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது. பேங்கிக்காரன் அவ பேருக்கு மெசேஜ் அனுப்பறான். பொறந்த நாளுக்குத் துணிக்கடைக்காரன் வாழ்த்து அனுப்பறான். அவியளுக்கெல்லாம் அவ இருக்கறா. போனை அணைச்சுட்டா அதுவும் இல்லாமப் போயிரும்.

அப்பறம் மேகலாகூட இருந்த அந்தப் புள்ளை கூப்புடும். எப்பவாச்சும் ஒரு நா, பொழுது சாயற நேரத்துக்கு. நான் எடுப்பேன். அது பேசாது. நானும் பேச மாட்டேன். அந்தப் பக்கம் மெசினு ஓடற சத்தம் கேக்கும், இந்தப் பக்கம் எங்க மாடு கத்தறது அதுக்குக் கேக்கும். கொஞ்ச நேரம் அப்பிடியே காதுல வெச்சிருந்துட்டு ரெண்டு பேரும் வெச்சுருவோம். பேசறதுக்கு என்ன இருக்குது? அவகிட்ட எனக்கு ஒரு பேச்சும் இல்லை.

பேரா? அவ பேரு எனக்கு வேண்டா. என்ற வாயில வராது. தெக்கத்திப் புள்ளை, ராமநாதபுரமோ செவகங்கையோ. என்ன சனமோ. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இவளும் அவளும் செக்கிங் வேலை, ஒரே ஆஸ்டலு. மொத மொத ஒரு மாரியம்மன் நோம்பிக்குக் கூட்டியாந்தா. நல்ல புள்ளைன்னுதான் நானும் நெனச்சேன், இல்லைங்கக் கூடாது. ஒறம்பரையா வந்த எடத்துல சும்மா உக்காந்திருக்கலை. மாட்டுக்குத் தண்ணி காட்டுச்சு, வாசக் கூட்டுச்சு. அரிசியும் பருப்பும் போட்டு ஆக்கி வெச்சேன், வட்டல்ல ஒரு பருக்கை மிச்சம் வெக்காம உண்டுச்சு. நானே தலை சீவிப் பூ வெச்சு உட்டேன்னாப் பாத்துக்கோயேன்.

அன்னிக்குப் பொழுதோட ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குத் துணி எடுக்கப் போனேன். தொவைக்கற கல்லு மேல ரெண்டும் உக்காந்திருந்துச்சுங்க. மேகலாவுக்குக் கால்ல முள்ளு ஏறீருச்சு. அவ காலைத் தன் மடியில வெச்சு அந்தப் புள்ளை ஊக்குல எடுத்து உட்டுட்டு இருந்துச்சு. முள்ளு வந்துருச்சு. வந்த பொறவும் காலை உடலை. வெச்சுட்டே இருந்துச்சு. மேகலாவும் எடுக்கலை. அவ அந்தப் புள்ளையைப் பாத்தா பாரு ஒரு பார்வை.

நான் துணியை எடுக்காமத் திரும்பி வந்துட்டேன். எங்கூட்டுக்காரரு நல்ல மனுசன் கண்ணு, ஒரு வார்த்தை அதட்டிப் பேசுனதில்லை. கட்டுன நாள்ல இருந்து கண்ணை மூடற வரைக்கும் என்னை ஒரு குத்தம் சொன்னதில்லை. ஆனா ஒரு நாளும் ஆரும் என்னை அப்பிடிப் பாத்ததில்லை. பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும், இதெல்லாம் என்னன்னு. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு.

அடுத்த நா வெடியால மொதப் பஸ்ஸுக்கு அந்தப் புள்ளையைத் தாட்டி உட்டுட்டேன். மரியாதையாத்தான் சொன்னேன், இனி வராதேன்னு. அதுக்கப்பறம் மேகலாவுக்கு மாப்பிள்ளை பாத்தோம். தாராபுரத்துப் பக்கம், தோட்டங்காடு, நல்ல எடம். வேண்டாம்னுதான் சொன்னா. எந்தப் பொண்ணு பாத்த ஒடனே செரிங்கறா? என்னைக் கேட்டா குடுத்தாங்க? சதீசு ரெண்டு தட்டுத் தட்டுனான். அண்ணன்காரன் தட்ட மாட்டானா? ஒதடு கொஞ்சம் கிழிஞ்சுது, முகூர்த்தத்துக்குள்ள ஆறீருச்சு. போட்டோவுல தெரியவே இல்லை.

நீயும் அப்பிடித்தானே? போன்ல "எங்களை மாதிரிப் பொண்ணுங்க"ன்னு சொன்னியே, அதை வெச்சுக் கேக்கறேன். அதுக்கு என்னமோ ஒரு பேரு கூடச் சொன்னே, வாயில நொழையலை. உங்கம்மாவுக்குத் தெரியுமா? பேசறதில்லையா? பேசுவா கண்ணு. பெத்தவ பேசாம எங்க போவா? நோம்பி நாளுன்னா ஒரு போன் பண்ணு. எடுக்காட்டியும் பண்ணு.

எங்க உட்டேன்? கல்யாணம். அது முடிஞ்ச கையோட ரேசன் கார்டுல அவ பேரை எடுத்தோம். பொறந்த ஊட்டுல எடுத்தாத்தானே புகுந்த ஊட்டுல சேத்த முடியும்? நானே தாலுக்கா ஆபீசுக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அவிய சேத்துனாங்களான்னா, சேத்தலை. அதுக்குள்ளதான் இவ பொட்டியைத் தூக்கீட்டு வந்துட்டாளே. மொதத் தடவை வந்தப்ப நானே பஸ்ஸேத்திக் கொண்டு போயி உட்டுட்டு வந்தேன். அடுத்த தடவை சதீசு கொண்டு போயி உட்டான். அதுக்கப்பறம் இங்க வரலை, நேரா திருப்பூருக்குப் போயிட்டா. மாப்பிள்ளை ஊட்டுலயும் செரி போகட்டும்னு வேற பொண்ணைப் பாத்துக் கட்டி வெச்சுட்டாங்க. இந்த ஊருல என்ற தலைதான் கவுந்துச்சு.

திருப்பூர்ல ரெண்டு பேரும் ஒரு லைன் ஊடு புடிச்சு ஒண்ணாச் சமைச்சு உண்டாங்களாம். டீச்சரு கணக்கெடுக்க வந்தப்பச் சொன்னாங்க, ஒரே அடுப்புல சமைச்சு உண்டா அது ஒரு குடும்பம்னு. கார்டு ஆபீசுல அப்பிடி இல்லையாம். ஒரு ஆளைத் தலைவின்னு போட்டா, இன்னொருத்தி அவளுக்கு என்ன ஒறவுன்னு கேக்கறாங்களாம். புருசன் இருக்குதாம், மவன் இருக்குதாம், மருமவ கூட இருக்குதாம். இவிய ரெண்டு பேரும் எதுலயும் சேரலை. திருப்பி அனுப்பீட்டாங்க.

இதெல்லாம் மேகலாவே சொன்னதுதான். ஒரு நா வந்தா. அதுதான் அவ இந்த ஊட்டுக்குக் கடைசியா வந்தது. "அம்மா, கார்டுல திரும்ப எம்பேரைச் சேத்துங்க, காப்பீட்டு அட்டை எடுக்கறதுக்கு ஓணும், ஒரு சீக்கு வந்தா ஒண்ணும் பண்ண முடியறதில்லை"ன்னு கேட்டா. நீ மட்டும் தனியா இங்க வந்து இருக்கறதுன்னா நாளைக்கே சேத்தறேன்னு சொன்னேன். நான் சொன்னதுல என்ன தப்பு? சதீசு அதுக்கும் ஒத்துக்கலை. கார்டுல பேரு வந்தாக் காட்டுல பங்கு கேப்பான்னான். அவன் ஊட்டு நல்லதை நெனச்சுச் சொன்னான். அவ ஒண்ணும் எதுத்துப் பேசலை. மோரு குடுத்தேன், குடிச்சா. எப்பவும் குடிச்ச டம்ளரை அப்பிடியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போற புள்ளை, அன்னிக்குக் கழுவிக் கமுத்தி வெச்சுட்டுப் போனா.

எனக்கு மனசே ஆறலை. அவளுக்கு நல்ல புத்தி வந்து ஊடு வந்து சேரோணும்னு மாரியம்மனுக்குப் பூவோடு எடுக்கறதா வேண்டிக்கிட்டேன். பூவோடுன்னாத் தெரியுமா? தீச்சட்டி. நெருப்பைக் கையில ஏந்திக் கோயிலைச் சுத்தி வரோணும். அதுக்கு மொதல்ல காப்புக் கட்டுவாங்க. மஞ்சக் கெழங்கைக் கயித்துல கோத்துப் பூசாரி மணிக்கட்டுல கட்டி உடுவாரு. கட்டியாச்சுன்னா நோம்பி முடிஞ்சு அவுக்கற வரைக்கும் ஊரு எல்லை தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை வாய்க்காப் பாலம். பஸ் எறங்கி நடந்து வந்தியே, அந்தப் பாலம்தான்.

அவளுக்காகக் கட்டுன காப்பு கண்ணு. அதை மட்டும் மறந்துராதே. எனக்காக நான் ஒண்ணும் கேக்கலை.

கட்டுன மறுநா வெடியால சதீசு போனுக்கு அந்தப் புள்ளை கூப்புடுது. மேகலாவுக்கு வயித்து வலி, குடல்வாலுன்னு சொல்றாங்க, ஒடனே ஆப்பரேசன் பண்ணோணுமாம், ரத்த சொந்தம் ஆராச்சும் வந்து கையெழுத்துப் போடோணுமாம், வாங்கன்னு. சதீசு "எங்களுக்கு அப்பிடி ஆரும் இல்லை"ன்னு சொல்லி வெச்சுட்டான். கோவத்துல சொன்னது, மனசார இல்லை. கொஞ்ச நேரத்துல பக்கத்தூட்டு ராசாமணி போனுக்கு வந்துச்சு. அதை நான் வாங்கிப் பேசுனேன்.

"அம்மா, அவ உங்களைத்தான் கேக்குறா. எங்கம்மாவைக் கூப்புடு, எங்கம்மா வருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கா"ன்னுச்சு.

நான் காப்புக் கட்டியிருக்கறேன், எல்லை தாண்டக் கூடாதுன்னு சொன்னேன்.

அப்பறம் "சரிங்கம்மா"ன்னுச்சு. அவ்வளவுதான்.

வேற என்ன சொல்றது நானு? நீயே சொல்லு. ராசாமணி சொன்னா, உசுரு போற காரியம்னா காப்பை அவுத்துக் கோயில் கம்பத்துல கட்டிப்போட்டுப் போலாங்க்கா, நான் வேணா பூசாரிகிட்டக் கேட்டுட்டு வரட்டுமான்னா. ராசாமணி என்ன, எல்லாந் தெரிஞ்சவளா? அவ பேச்சைக் கேட்டு அம்மன் குத்தம் வந்துச்சுன்னா ஆரு தலையில விடியும்? மேகலா தலையிலதானே? அதுக்குத்தான் போகலை. பூசாரி ஊடு பக்கந்தான். இங்க இருந்து கூப்புட்டாக் கேக்கும். நோம்பி நேரத்துல அவரைப் போயி எங்க புடிக்கறது.

அந்தப் புள்ளை மேலதான் எனக்கு ஆத்திரம். ஆஸ்பத்திரியில நீங்க பேசண்டுக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கறாங்க. அக்கான்னு சொல்லியிருக்கலாம். நாத்தனாருன்னு சொல்லியிருக்கலாம். ஒரு உசுருக்காக ஒரு பொய் சொன்னா நாக்கு என்ன அழுகியா போயிரும்? இது என்ன சொல்லுச்சு தெரியுமா? "எல்லா ஒறவும் நான்தான்"னு சொல்லுச்சாம். பொறவு அவளை ஏத்தியாந்த வேன் டிரைவரு ராசாமணி புருசன்கிட்டச் சொல்லியிருக்கறான். சினிமாப் பேச்சு. அப்பிடிச் சொன்னா எவன் ஒத்துக்குவான்? கார்டைக் கொண்டா, சொந்தக்காரங்களைக் கொண்டான்னு பொழுதன்னிக்கும் காக்க வெச்சிருக்கறாங்க. கடைசியில அதுவே ஒரு ஆட்டோவைப் புடிச்சுக் கவர்மெண்டுப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கீட்டுப் போயிருக்குது. அங்க ஒரு கேள்வியும் கேக்கலை, வயித்தைத் தொறந்துட்டாங்க. ஆனா வெடிச்சு ஒடம்பெல்லாம் வெசம் பரவீருச்சாம். நான் காப்பு அவுக்கறதுக்கு முன்னாலயே போயிட்டா.

நோம்பி சாட்டுன ஊருக்குள்ள பொணம் வரக் கூடாது. அது என்ற சட்டமில்லை, ஊரு சட்டம். அந்தப் புள்ளை வாய்க்காப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேனை நிறுத்திச் சொல்லி அனுப்புச்சு. நான் போனேன். போகலைன்னு எவளும் சொல்ல முடியாது. பாலத்துக்கு இந்தத் தலைப்புல நின்னேன். அது அந்தத் தலைப்புல நின்னுது. என்னைப் பாத்துச்சு, அப்பறம் என்ற கையைப் பாத்துச்சு. வாங்கன்னு கூப்புடலை. கத்தலை. நாலு வார்த்தை கத்தியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். வேனோட பின்னாடிக் கதவைத் தொறந்து உட்டுட்டுத் தள்ளி நின்னுக்கிச்சு, எனக்கு மறைக்கக் கூடாதுன்னு.

வெளிய நல்ல வெயிலு, உள்ள இருட்டு. மூஞ்சி தெரியலை. காலுதான் தெரிஞ்சுது. பெருவெரலு ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்துச்சு. அன்னிக்கு முள்ளு குத்துனது எந்தக் காலுன்னு நெனச்சு நெனச்சுப் பாத்தேன், வரலை. இன்னைக்கும் வரலை.

கோயில்ல மேளம் கொட்டீட்டாங்க. பூவோட்டுக்கு நேரமாச்சுன்னு சதீசு கையைப் புடிச்சு இழுத்தான். திரும்பறப்ப "அம்மா"ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. பாத்தா அந்தப் புள்ளை பாலத்துக் கட்டச்செவுத்துல, நடுவால, எதையோ வெச்சுட்டுப் போயி வேன்ல ஏறுது. இந்தப் போனுதான். நடுப்பாலம்னா அது எல்லைக்கு உள்ளயா வெளியயான்னு ரோசனை பண்ணீட்டு நின்னேன். அப்பறம் காலை இந்தப் பக்கமே வெச்சுக்கிட்டு எட்டி எடுத்துட்டேன்.

காப்புக் கட்டுனவளுக்குத் தீட்டு இல்லைன்னுட்டாங்க, அன்னிக்குப் பூவோடு எடுத்தேன். கை சுடவே இல்லை கண்ணு. துளி கூடச் சுடலை. அம்மன் ஏத்துக்கிட்டான்னு எல்லாரும் என்ற காலுல விழுந்தாங்க. என்னத்தை ஏத்துக்கிட்டாளோ, எனக்குத் தெரியலை.

கொள்ளி வெச்சது ஆருங்கறே? அந்தப் புள்ளையேதான். திருப்பூர்ல கரண்டுச் சுடுகாட்டுல. பொம்பளைப் புள்ளை கொள்ளி வெக்கறதாவது. அங்கயும் கையெழுத்துக் கேட்டாங்களாம். இதுவே போட்டுச்சாம். அங்க மட்டும் என்ன ஒறவுன்னு ஆரும் கேக்கலை.

அழுகாதே. உனக்கு எதுக்கு அழுகாச்சி? நானே அழுகலை. இந்தா, முந்தானையில தொடச்சுக்கோ. நீ சொன்னியே, எத்தனை பேரு இருக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தான் கார்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஊட்டுக்கு ஒரு வழி கேக்க முடியும்னு. எத்தனை பேருன்னு தெரிஞ்சாத்தான் ஆவுமா? ஒருத்தி இருந்தாப் பத்தாதா? பத்தாதா. செரி. அதுக்குத்தான் சொல்றேன், இவளையும் சேத்திக்கோ. நீ எண்ணி முடிச்சுக் கவர்மெண்டுல கொண்டு போயிக் குடுக்கறப்ப ஒரு ஆளு கொறையுதுன்னு வெச்சுக்கோ, அந்த ஒரு ஆளாலயே அவிய முடியாதுன்னு சொல்லீட்டா?

கேக்கறியா? நல்ல புள்ளை. டேப்பை எதுக்கு மூடறே? அது ஏத்துக்காதா? செரி, நீ வாயில கேளு. அவளைக் கேக்கற மாதிரியே கேளு.

வயசு இருவத்தி எட்டு முடிஞ்சு ஒம்பது நடந்துட்டு இருந்துச்சு. படிப்பு பன்னண்டு. கணக்குல நல்ல மார்க்கு. வேலை சொல்லீட்டேன். வாடகை ஊடு.

ஊட்டுல அடிச்சிருக்கறாங்களான்னா? இல்லைன்னு எழுது. அதான் சொன்னனே, தட்டுனான். தட்டுனதெல்லாம் கணக்குல வருமா? வருமா. அப்பச் செரி, ஆமான்னு போட்டுக்கோ. பையன் பேரைப் போட்டுறாதே.

விருப்பமில்லாமக் கல்யாணம். அதுவும் கேக்கறீங்களா? என்னமோ எங்கூட்டுக்கு வந்து பாத்த மாதிரியே எழுதி வெச்சிருக்கறீங்க. இதே கேள்வியை எத்தனை ஊட்டுல கேட்டே? எல்லாரும் ஆமான்னா சொன்னாங்க? நானும் அதையே சொல்லீர்றேன்.

கூட வாழ்ந்தவங்களோட சந்தோசமா இருந்தீங்களா. இதை எங்கிட்டக் கேட்டா? நான் அந்த ஊட்டுப் படியே மிதிச்சதில்லையே. இரு. இந்தப் போனைப் பாரு. பூட்டு நெம்பரு எனக்குத் தெரியாது, வர்ற போனை எடுக்கத்தான் முடியும். உள்ள நெறையப் போட்டோ இருக்கும். நெம்பரு அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும், நான் கேட்டதில்லை. ஆனா பூட்டுனபடியே மேல ஒரு படம் தெரியும் பாரு, அமுக்குனா. ரெண்டும் எங்கியோ மலை மேல நிக்குதுங்க. மேகலா வாயைத் தொறந்து சிரிக்கறா, கடவாப் பல்லு வரைக்கும் தெரியுது. அவளுக்கு அங்க ஒரு பல்லு அடைச்சிருக்கறதே எனக்கு இதைப் பாத்துத்தான் தெரியும். இந்த ஊட்டுல அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. இருந்தாங்கன்னு எழுதிக்கோ. நல்லா இருந்தாங்கன்னு எழுதிக்கோ.

இன்னும் இருக்குதா? ரெண்டே கேள்வியா. வெரசாக் கேளு, பைக் சத்தம் கேக்கற மாதிரி இருக்குது.

ஒடம்புக்கு முடியாமப் போனா ஆரைக் கூப்புடுவீங்க. அம்மான்னு எழுது. நல்லாப் பெரிசா எழுது. அதுல பொய்யில்லை. அவ அம்மாவைத்தான் கூப்புட்டா. அத்தனை நடந்த பொறவும் அம்மாவைத்தான் கூப்புட்டா.

அடுத்தது?

ஆரு வருவாங்கன்னா?

அது என்ன கண்ணு கேள்வி. இப்பத்தானே அம்மான்னு சொன்னேன், மறுபடியும் அதையே கேக்கறே. கூப்புடறது வேற, வர்றது வேறயா? நீங்களே பிரிச்சு வெச்சிருக்கறீங்களா? ஆரு வெச்சது இப்பிடி?

நெசமாவே பைக்குத்தான். பொடக்காலி வழியாப் போயிரு, அந்தத் தொவைக்கற கல்லைத் தாண்டுனா இட்டேரித் தடம் வரும். செருப்பை எடுத்துக்கோ. இரு இரு, பதில் சொல்லலையே. அதை உட்டுட்டுப் போகாதே.

அழகுமீனா.

ஆமா, அதுதான் அவ பேரு. அழகுமீனான்னு எழுதிக்கோ. அதுக்குப் பக்கத்துல என்ன ஒறவுன்னு கேட்டிருந்தா, காலியா உட்டுறாதே. அவ ஆஸ்பத்திரியில சொன்னாளே, அதையே போட்டுக்கோ.